உம்மாவின் மூட்டுவலிக்கு 12 தடவைக் காசை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: உம்மாவுக்கு 58 வயது. மருதமுனையில் இன்னும் கைத்தறியில் சாரன் நெய்கிறா. காலையில் எழும்பினால் இடுப்பும் வலது முழங்காலும் இறுகிப்போய் நிற்கிறது. ஒரு தனியார் நிலையத்தில், கைரோபிராக்டிக் செய்தால் மூட்டுகள் தேயாது, பிறகு மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்கிறார்கள். 12 தடவைக்கு 36,000 ரூபா முற்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இடுப்புக்கு இந்தச் சிகிச்சை உதவக்கூடும். மூட்டுத் தேயாமல் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒரே விலையில் சேர்த்து விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய முறைதான் கைரோபிராக்டிக். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று அழுத்தி அசைப்பார்கள். நாட்பட்ட இடுப்புவலிக்கு அப்படி அசைப்பதை ஒரு தெரிவாக உலக சுகாதார நிறுவனமும் 2023இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒழுங்காகப் பயிற்சி செய்து கிடைக்கும் பலனைவிட அது பெரிதல்ல. அழுத்தும்போது 'டக்' என்று கேட்பது எலும்பு இடத்துக்கு வந்த சத்தமும் அல்ல, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம். அதன்பின் கொஞ்ச நேரம் இலகுவாக இருக்கும். அதை நம்பித்தான் பலரும் அடுத்த தடவைக்குப் போகிறார்கள்.

முழங்காலின் கதை வேறு. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போதும் மடக்கி நீட்டும்போதும் அது அழுந்தி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் எடுக்கிறது. மாதம் ஒருமுறை வேறொருவர் அசைத்துவிடுவது, தினமும் தானே அசைவதற்கு ஈடாகாது. உம்மா தறியில் அரை மணிக்கொருதரம் எழும்பி நாலு எட்டு நடக்கட்டும். கதிரையில் இருந்து முழங்காலை நேராக நீட்டி, ஐந்து வினாடி பிடித்து இறக்கட்டும்; ஒரு காலுக்குப் பத்துத் தடவை. தொடைத் தசை உரம் பெற்றால் முழங்காலில் விழும் பாரம் குறையும். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் முழங்காலுக்கு மருந்துதான்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, விரல் மூட்டுகளும் வீங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அது தேய்மானமாக இல்லாமல், மூட்டு அழற்சி நோயான முடக்குவாதமாக இருக்கலாம். முதலில் டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கால் மரத்துப் பலவீனமானாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கழுத்தை மட்டும் யாரும் திருகி முறிக்க விடாதீர்கள். அரிதாக, கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதால் முதுகை அழுத்துவதற்கும் முன்யோசனை வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இவற்றையெல்லாம் விசாரிக்காமல் கட்டிலில் படுக்கச் சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

காசு கட்டுவதற்கு முன், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. வரிசையில் காத்திருக்க வேண்டிவரும், ஆனாலும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை உம்மாவின் உடம்பைப் பார்த்துச் சொல்லித் தருவார்கள்.

அதன் பிறகும் இடுப்புக்காகப் போக விரும்பினால் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கட்டுங்கள். அப்படிக் கட்டுவதில் காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மூன்று நாலு தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். செய்பவர் எந்தக் கல்லூரியில் எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். முறையான கைரோபிராக்டிக் படிப்பு பல வருடங்கள் நீளும். வார இறுதிச் சான்றிதழ் போதாது. பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால், மீதித் தடவைகளுக்கான காசைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டோடு, 'மூட்டுத் தேயாது' என்று அச்சடித்த துண்டுப்பிரசுரம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.