கழுவியும் கரகரக்கிறதே!

போன இதழில் இசைத்தட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாம் தட்டைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது பற்றித்தான். பல கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் வெவ்வேறு விதமாக இருந்தது, அவற்றைச் சேர்த்து ஒரே பதிலாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா வாங்கிய எல்.பி. தட்டுகள் (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள்) நாற்பது இருக்கும். இருபது வருடமாகப் பெட்டியிலேயே கிடந்தன. இப்போது தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, சத்தம் மோசமாக இருப்பதை மட்டும் கழுவினால் போதாதா?

பதில்: வேண்டாம். ஆசை புரிகிறது, ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், முதலில் கழுவுங்கள், அப்புறம் கேளுங்கள்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். அது வெளி விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. 20 நிமிடம் ஓடும் பக்கத்தின் பள்ளத்தை நீட்டிப் போட முடிந்தால் 400 மீட்டரைத் தாண்டும், அகலமோ ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதன் இரண்டு பக்கச் சுவர்களில் இருக்கும் நெளிவுகள்தான் பாட்டு. ஊசி முனை வைரம், தட்டு பிளாஸ்டிக். ஊசியின் அழுத்தம் 2 கிராம் அளவுதான் என்றாலும் அது மொத்தமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் இறங்குகிறது. நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் ஊசி அதைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகும். தூசி கழுவினால் போய்விடும். அந்தத் தேய்மானம் எதற்கும் போகாது. சும்மா கேட்டுப் பார்க்கிறேன் என்று போடும் முதல் தடவைதான் இருபது வருடத் தூசியை உள்ளே அழுத்துகிற தடவை.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. டிஸ்டில்டு வாட்டர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும், பிறகு அதுவே கரகரக்கும். ஒரு லிட்டருக்கு வாசனையோ நிறமோ சேர்க்காத திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு போதும். நுரைக்காக இல்லை, வெறும் தண்ணீர் பிளாஸ்டிக் மேல் முத்து முத்தாக நின்றுவிடும், பள்ளத்துக்குள் இறங்காது. சோப்பு இருந்தால்தான் பரவி உள்ளே போகும். நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே, அதாவது வட்டமாக, தேய்க்க வேண்டும். லேபிளிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே இழுக்கவே கூடாது. ஒரு நிமிடம் ஊற விடுங்கள், காய விடாதீர்கள்.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். தப்பு நடப்பது இதற்குப் பிறகு. அழுக்கைக் கரைப்பது பாதி வேலைதான். கரைந்த அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்துத் தட்டிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். அப்படியே காற்றில் காய வைத்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகும், அழுக்கு பள்ளத்தின் அடியில் பசை போலப் படியும், முன்பைவிட மோசமாகும். அதனால் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை உறிஞ்சி எடுங்கள், பிறகு சோப்பு கலக்காத டிஸ்டில்டு வாட்டரை விட்டு இன்னொரு துணியால் மறுபடி உறிஞ்சுங்கள், அதற்கு மேல் சாப்பாட்டுத் தட்டு கழுவி வைக்கும் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துக் காய விடலாம். அழுக்குத் தண்ணீர் எடுக்கும் துணியும் அலசின தண்ணீர் எடுக்கும் துணியும் வேறு வேறாக இருக்கட்டும். காய்ந்த தட்டைப் பழைய உள் உறையில் திரும்பப் போடாதீர்கள், இருபது வருடத் தூசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாமா? கை கழுவும் சானிடைசர் ஆகுமா?

பதில்: சானிடைசர் கூடவே கூடாது, அதில் கிளிசரினும் வாசனையும் இருக்கும், இரண்டும் தட்டிலேயே தங்கும். ஐசோபுரோப்பைல் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கொஞ்சம் சேர்த்தால் வினைல் (எல்.பி. தட்டின் பிளாஸ்டிக்) கெடாது, விரல் எண்ணெய் சீக்கிரம் போகும் என்பது ஒரு கட்சி, பிளாஸ்டிக்கிலிருந்து எதையும் உருவ வேண்டாம் என்பது மற்றது. நான் விரல் ரேகையும் பூஞ்சையும் பிடித்த தட்டுக்கு மட்டும், கால் பங்குக்கும் குறைவாகக் கலந்து பயன்படுத்துகிறேன். மற்றதற்கு சோப்புத் தண்ணீரே போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகளையும் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள்) இப்படியே கழுவலாமா?

பதில்: இங்கேதான் நான் ஒரு தட்டைப் பறிகொடுத்தேன். எல்.பி. வினைல், 1948-இல் வந்தது. பழைய 78 பெரும்பாலும் அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அதைக் கரைப்பதே அப்படித்தான். இது தெரிந்தும், வினைலுக்கு வைத்திருந்த கலவையை அவசரத்தில் எடுத்துத் தடவிவிட்டேன். துணி கறுப்பானதும் எவ்வளவு அழுக்கு வருகிறது பார் என்று சந்தோஷப்பட்டேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு.

கையில் எடுத்ததும் கனமாக, வளையாமல் இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் துளிகூட வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும், ஊற வைக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும். கீழே போட்டால் அப்பளம்தான். அப்புறம் இன்னொன்று, 78-இன் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியை வைத்தால் அது அடியில் போய்த் தூசியில் உருளும். அதற்கென்று தடித்த ஊசி தனியாக இருக்கிறது.

கேள்வி: துடைத்து முடித்த உடனேயே தூசி மறுபடி ஒட்டுகிறது. ஏன்?

பதில்: துடைப்பதால்தான். வினைலைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், சுற்றியிருக்கும் தூசியை அது இழுக்கும், நீங்கள் மறுபடி தேய்ப்பீர்கள், இன்னும் ஏறும். துணியைக் கீழே வையுங்கள். கார்பன் ஃபைபர் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதன் இழைகள் மின்சாரத்தைக் கடத்தும். தட்டு சுழலும்போது இழை நுனி பட்டும் படாமலும் இரண்டு சுற்று பிடித்துவிட்டு மெதுவாக விளிம்புப் பக்கம் நகர்த்தி எடுத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை. காகித உறையிலிருந்து சரேலென்று உருவுவதும் மின்சாரம் ஏற்றும். உள்ளே வழவழப்பான பாலித்தீன் படலம் உள்ள உறைக்கு மாறினாலே பாதித் தொல்லை குறையும். ஆனால் இந்த பிரஷ் மேல்தூசிக்குத்தான், பள்ளத்துக்குள் படிந்ததை இது எடுக்காது.

கேள்வி: மூன்று முறை கழுவிவிட்டேன், இன்னும் சத்தம் வருகிறது.

பதில்: எந்த மாதிரிச் சத்தம் என்று எழுதவில்லையே! அதில்தான் விஷயம் இருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ‘டிக்’ சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது கீறல், முப்பது முறை கழுவினாலும் இருக்கும். ஒழுங்கில்லாமல் அங்கங்கே பொரிகிற சத்தம் என்றால் தூசி அல்லது நிலைமின்சாரம், இன்னும் நம்பிக்கை உண்டு. பாட்டோடு சேர்ந்து, குரல் உயரும் இடத்தில் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் பள்ளச் சுவரே தேய்ந்திருக்கிறது, எப்போதோ யாரோ மழுங்கின ஊசியில் ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் மங்கலாக இருந்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே போனால் 20 செ.மீ. சொச்சம்தான், அதே இசையை அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் ஊசி திணறும்.

தட்டைப் பழிக்கும் முன் ஊசியையும் பாருங்கள். நுனியில் பஞ்சு போல ஒரு உருண்டை தொங்கிக்கொண்டிருக்கும். சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், தட்டு ஓடும் திசையில் மட்டும் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் ஊசியைத் தாங்கும் மெல்லிய கம்பி ஒடிந்துவிடும். வைர ஊசியின் ஆயுள் 500 முதல் 1000 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கேள்வி: தட்டு மேல் மரப்பசையை ஊற்றிக் காய்ந்ததும் உரிக்கிறார்களே, அது நிஜமா?

பதில்: நிஜம்தான், வேலையும் செய்கிறது. வெள்ளைப் பசை பள்ளத்துக்குள் இறங்கித் துகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வரும்போது ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பூச்சு ஒரு இடத்தில் மெலிந்தாலும் கிழிந்து ஒட்டிக்கொள்ளும், காய ஒரு ராத்திரி ஆகும், உரிக்கும்போது நிலைமின்சாரம் தாறுமாறாக ஏறும். போனால் போகட்டும் என்கிற தட்டில் மட்டும் செய்து பாருங்கள். அரக்குத் தட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கழுவும் மெஷின் வாங்கலாமா?

பதில்: நூறு தட்டுக்கு மேல் இருந்தால், ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் வகையை வாங்குங்கள். மேலே சொன்ன மீதிப் பாதி வேலையை அது துணியைவிட நன்றாகச் செய்யும். பத்துத் தட்டுக்கு மெஷின் எதற்கு?

கேள்வி: வளைந்த தட்டை வெயிலில் வைத்து நிமிர்த்தலாமா? எப்படி அடுக்கி வைப்பது?

பதில்: அது வளைந்ததே சூட்டினால்தான் இருக்கும். வெயிலில் வைத்தால் வேறு பக்கம் வளையும். நூலகத்துப் புத்தகம் போல நேராக நிற்க வையுங்கள். சாய்ந்து நிற்கக் கூடாது, படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது.

கேள்வி: முப்பது வருடமாகச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: ஆகியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆனதால் காது பழகிவிட்டது. அதே தட்டு ஒழுங்காக வைத்திருக்கும் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரவல் தட்டை மட்டும் சட்டையால் துடைத்துவிடாதீர்கள்.