முகத்தில் ஊதிய வசனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் மதுரை. சின்ன வயதில் காய்ச்சல் கண்டாலோ, பயந்து அழுதாலோ, சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு காஜிமார் தெருப் பள்ளிவாசல் வாசலில் நிற்பார். வெளியே வருகிற பெரியவர்கள் உதட்டுக்குள் எதையோ சொல்லி முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த நினைவில் போன மாதம் குர்ஆன் தமிழாக்கம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இறைவனின் புகழ், மணவிலக்குச் சட்டம், பழைய நபியின் கதை என்று மாறி மாறி வருகிறது, கோவையே பிடிபடவில்லை. உங்கள் மார்க்கத்தில் ஒரு வசனத்துக்கு என்னதான் வேலை? பொருள் தெரியாமல் ஓதுவதில் என்ன இருக்கிறது? அன்று என் முகத்தில் ஊதியது எந்த வசனம்?

சு., திருநகர்

அன்புள்ள சு.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவாக இருக்கும். இல்லையென்றால் இரண்டாவது அத்தியாயத்தில் வரும் ஆயத்துல் குர்ஸி என்ற வசனம், அல்லது குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்கள். அவை இரண்டும் பாதுகாப்புத் தேடுபவை. இருளின் தீங்கு, பொறாமைக்காரனின் தீங்கு எல்லாம் அவற்றில் பேர் சொல்லி வரும். நபிகள் நாயகம் இரவில் படுக்கும்முன் இவற்றை ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொள்வார்கள் என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. தாயத்து வியாபாரத்தையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டித் திட்டுகிறவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. எனக்கு ஊதியவர்கள் யாரும் காசு கேட்டதில்லை.

‘வசனம்’ என்ற சொல்லே கொஞ்சம் இடிக்கிறது. நம்ம ஊரில் வசனம் என்றால் சினிமா வசனம். அரபியில் ‘ஆயத்’, அடையாளம், அத்தாட்சி என்று பொருள். ‘ரூம்’ என்ற 30ஆவது அத்தியாயத்தில் உறக்கம், மின்னல், மழை, மனிதர்களின் மொழியும் நிறமும் வேறுபட்டிருப்பது எல்லாமே ஆயத்துகள் என்று வருகிறது. புத்தகத்தின் வரிக்கும் வைகையில் பெய்கிற மழைக்கும் ஒரே பேர். நீங்களும் நானும் பேசுகிற தமிழும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

கோவை பிடிபடாததில் உங்கள் தப்பு ஏதுமில்லை. 23 வருடங்களில், அந்தந்த நேரத்துக்கு என்று சிறுகச் சிறுக இறங்கியது. இறங்கிய வரிசை வேறு, அடுக்கிய வரிசை வேறு. முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் “ஓதுவீராக” 96ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. நாவல் மாதிரி முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் தடுமாறத்தான் வேண்டும். (6,666 வசனம் என்று ஊரில் சொல்வார்கள். இன்று பரவலாக அச்சாகும் பிரதியில் எண்ணினால் 6,236.)

குர்ஆன் என்ற பேருக்கே ஓதப்படுவது என்றுதான் பொருள். மீனாட்சி கோயிலில் தேவாரம் பாடுகிறவரை ஓதுவார் என்கிறோமே, அந்த ஓதல்தான். நீங்கள் வாசித்திருக்கிறீர்கள், அதற்கு வாயும் காதும் வேண்டும். ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் மட்டும் ஃபாத்திஹா நாளைக்கு 17 தடவை வருகிறது. இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வசனம் “அலிஃப் லாம் மீம்”, வெறும் மூன்று எழுத்து. இதன் உண்மைப் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று பெரிய பெரிய உரைகாரர்களே விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஓதுகிறோம்.

அதற்காகப் பொருள் தெரியாமல் ஓதினால் போதும் என்று வாதாட மாட்டேன். நான் ஓதப்போன மதரஸாவில் ‘ஐன்’ எழுத்து தொண்டையிலிருந்து வராததற்கு அடி வாங்கியிருக்கிறேன். ஒரு வரிக்குக்கூட அர்த்தம் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தமிழில் படித்தபோது எனக்கு முப்பது வயது.

படித்தபோது என்னை நிறுத்தியது எது தெரியுமா? இரண்டாவது அத்தியாயத்தின் 282ஆவது வசனம். குர்ஆனிலேயே நீளமானது. சொர்க்கம் நரகம் எதுவும் இல்லை, கடன் பத்திரம் பற்றியது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதுங்கள், எழுதுகிறவர் நேர்மையாக எழுதட்டும், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சின்னதோ பெரியதோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

என் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழ் எழுத்து தெரியாது. ஓதுவதற்காகக் கற்ற அரபு எழுத்துதான் தெரியும். அதிலேயே தமிழை எழுதுவார், அர்வி என்போம். பால்காரம்மாவுக்குத் தரவேண்டிய கணக்கு அடுப்படிக் காலண்டரில் வலமிருந்து இடமாக ஏறிக்கொண்டே போகும். 282ஐ நூறு தடவையாவது ஓதியிருப்பார். என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். மாசக் கடைசியில் பால்காரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அரைப் படி விடாமல் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்.