கை கூப்பத் தெரிந்தவருக்குத்தான் தாய்லாந்தில் சிக்கல்

தம்பி, அடுத்த மாதம் பாங்காக் ஆபீசில் சேரப் போவதாகச் சொல்லி, "அங்கேயும் கைகூப்பித்தானே கும்பிடுகிறார்கள், எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டால் போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நம் வணக்கம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. அவர்கள் கைகூப்பிச் செய்யும் வணக்கமான ‘வை’ மாறும். யார் முதலில் கூப்புவது, கை எந்த உயரத்தில் நிற்பது என்ற இரண்டையும் எதிரில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார்.

உயரத்தைக் கட்டைவிரலை வைத்துப் பழகுங்கள். புத்த பிக்குவுக்கும் புத்தர் சிலைக்கும் கட்டைவிரல் புருவ நடுவில், விரல் நுனி முன்மயிர் ஓரத்தில். பெற்றோர், ஆசிரியர், வயதில் நன்றாக மூத்தவர்களுக்குக் கட்டைவிரல் மூக்கு நுனியில். மற்ற பெரியவர்களுக்கும் மேலதிகாரிக்கும் மோவாயில். சமவயதினருக்கு நெஞ்சளவு போதும். வையில் கை தலைக்கு மேல் போகாது. கோயில் பழக்கத்தில் தூக்கிவிடாதீர்கள். இன்னொன்று: கையை முகத்துக்குக் கொண்டுபோவதைவிடத் தலை கையை நோக்கிக் குனிவதுதான் முக்கியம். நிமிர்ந்த தலையோடு கையை மட்டும் மூக்கு வரை உயர்த்தினால் கேலி செய்வதுபோல் தெரியும். முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும், உள்ளங்கை தாமரை மொட்டுபோல் லேசாகக் குழிந்திருக்கட்டும். நடந்துகொண்டே கூப்பாதீர்கள். நின்று, ஒரு மூச்சு நேரம் இருந்து, இறக்குங்கள். கூடவே "சவத்தீ க்ரப்" (வணக்கம்) என்று சொல்லுங்கள். பெண்கள் சொல்வது "சவத்தீ கா".

இளையவர்தான் முதலில் வை செய்ய வேண்டும். பெரியவர் நெஞ்சருகே கைகூப்பி அதை ஏற்றுக்கொள்வார், அல்லது தலையசைப்பார். பிக்கு திருப்பி வை செய்யமாட்டார். அவமதித்தார் என்று நினைக்காதீர்கள். நம்மவர்கள் சறுக்கும் இடம், பணிவு காட்டுகிறோம் என்று ஓட்டல் வாசல்காரர், கடைக் கல்லாப் பெண், குழந்தைகள் எல்லாருக்கும் முந்திக்கொண்டு கும்பிடுவது. மூத்தவர் இளையவருக்கு முதலில் வை செய்தால் இளையவரின் ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கையே உண்டு. ஆகவே அவர்கள் மகிழமாட்டார்கள், நெளிவார்கள். பணியாளர் வை செய்தால் புன்னகையும் தலையசைப்பும் போதும். ஆபீசில் மேலதிகாரிக்குக் காலையில் ஒருமுறை. காரிடாரில் பார்க்கும்போதெல்லாம் வேண்டாம். அவரே கை நீட்டினால் குலுக்கிவிடுங்கள்.

பெயருக்கு முன்னால் ‘குன்’ சேர்த்துக் கூப்பிட வேண்டும். குடும்பப் பெயரோடு அல்ல, முதல் பெயரோடு. கொஞ்சம் பழகியபின் மூத்த சகாவை ‘பீ’ என்பார்கள், அண்ணன் அக்கா இரண்டுக்கும் அதுவே. தமிழ்க் காதுக்குச் சங்கடமான சொல்தான். முதல் வாரம் சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள்.

கையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது தலையும் காலும். தலை உடம்பில் உயர்ந்த இடம், கால் தாழ்ந்த இடம். சகா வீட்டுப் பிள்ளையின் தலையைச் செல்லமாகத் தடவுவதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு முன்னால் கடக்க நேர்ந்தால் தோளைக் குறுக்கி, குனிந்து கடக்க வேண்டும். காகிதத்தை மிதித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்கும் உண்டு. ஆனால் காலாலேயே ஃபேன் சுவிட்சை அமுக்குவோம், பையைத் தள்ளுவோம், கதவைச் சாத்துவோம். அங்கே இவை அநாகரிகம். காற்றில் பறக்கும் ரூபாய் நோட்டைச் சட்டென்று காலால் மிதித்து நிறுத்துவோமே, தாய்லாந்தின் பாட் நோட்டில் அது கூடவே கூடாது. நோட்டில் இருப்பது மன்னரின் முகம். மன்னரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ அவமதிப்பதற்குத் தண்டனைச் சட்டம் 112-ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கைப் பேச்சும் வேண்டாம்.

பொது இடத்தில் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலித்தால், அது முடியும்வரை நின்றுவிடுங்கள்.

நம் தலையாட்டலையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் ஆட்டும் நம்முடைய ‘சரி’ அங்கே ‘இல்லை’ என்று போய்ச் சேரும். மேலும் கீழும் அசையுங்கள், அல்லது "க்ரப்" என்று சொல்லுங்கள். அவர்கள் "க்ரப், க்ரப்" என்றால் பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் பொருள். ஒப்புக்கொண்டார் என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். தவறு செய்தவர் புன்னகைத்தால் அது திமிர் அல்ல, சங்கடம். குரலை உயர்த்தினால் காரியம் நடக்காது, உங்கள் மதிப்புதான் இறங்கும். பெரியவர் முன் இடுப்பில் கை வைத்து நிற்காதீர்கள். ஒருவரைச் சுட்ட விரல் நீட்டாமல் திறந்த கையைக் காட்டுங்கள். கையசைத்துக் கூப்பிடும்போது உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கட்டும்.

கோயிலுக்கு, அதாவது ‘வாட்’டுக்கு, சகாக்கள் நிச்சயம் அழைத்துப் போவார்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். உள்ளே செய்வது நம் பெண்கள் செய்யும் பஞ்சாங்க நமஸ்காரத்துக்கு நெருங்கிய சொந்தம். பெயரே ‘பெஞ்சாங்க’ என்றுதான் தொடங்கும். முழந்தாளிட்டு நெஞ்சருகே கைகூப்புவது ‘அஞ்சலி’. கையை நெற்றிக்கு உயர்த்துவது அடுத்த படி. பிறகு உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, அவற்றின் நடுவே நெற்றி தொடக் குனிய வேண்டும். புத்தருக்கும் பிக்குவுக்கும் இது மூன்று முறை. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே முறை, அதுவும் கூப்பிய கையை விரிக்காமல். உங்கள் மனைவி உடன் வந்தால், பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். எதையும் அவர் கையில் கொடுக்காமல், அவர் விரிக்கும் துணிமேல் வைக்க வேண்டும்.

பிக்கு முன் உட்காரும் முறை ‘பப் பியாப்’: இரண்டு காலையும் ஒரே பக்கம் மடக்கி, பாதம் பின்னால் போக உட்கார வேண்டும். சம்மணம் போட்டே வளர்ந்த நமக்கு ஐந்தே நிமிடத்தில் மரத்துப்போகும், உடனே காலை முன்னால் நீட்டிவிடுவோம். பாதம் சிலையைப் பார்க்கும்; அதைத்தான் தவிர்க்க வேண்டும். கால் மரத்துப்போனால் இடுப்பைச் சற்றுத் தூக்கி, கால்களைப் பின்பக்கமாகவே மறுபுறம் மாற்றுங்கள். புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, வீட்டில் பாயை விரித்துத் தினம் பத்து நிமிடம் பழகுங்கள். முட்டி ஒத்துழைக்கவில்லையென்றால் முன்கூட்டியே சகாக்களிடம் சொல்லுங்கள், ஓரமாக ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள்.