எல்.எல்.எம். செலவைத் தாங்கலாம், மாமாவின் நகைக்கடனைத் தாங்க முடியாது

கேள்வி: எனக்கு வயது 26. ஐந்தாண்டு சட்டப்படிப்பு முடித்து, திருச்சியில் ஒரு சீனியரிடம் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். மாதம் 15,000 ரூபாய், டிராஃப்டிங் வேலையில் இன்னொரு 3,000. வெளிமாநிலத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலை) இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வேடு எழுதி, அப்புறம் பிஎச்.டி. போக ஆசை. மொத்தச் செலவு 3.5 லட்சம். சேமிப்பு 1.6 லட்சம். முழுத் தொகைக்கும் கல்விக் கடன் வாங்கிவிட்டு, சேமிப்பைச் சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஸ்மால்கேப் ஃபண்டில் போடச் சொல்கிறாள் தோழி. தாய்மாமாவின் கடைக்காக என் பத்துப் பவுன் நகை 12% வட்டியில் அடகில் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு முதலில் 2 லட்சம் வாங்கினோம். ஒவ்வொரு வருடமும் வட்டியைச் சேர்த்து, கூடுதலாகவும் வாங்கித் திருப்பி வைத்ததில் இப்போது 3.5 லட்சம். மே 20-ல் கெடு. இந்த முறை 5 லட்சமாக வைக்கலாம் என்கிறார் மாமா. படிப்புக்குக் கடன் வாங்குவதா, சேமிப்பை எடுப்பதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: எல்.எல்.எம். எதற்கு, கல்விக் கடனுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த அடகைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரசீதுகளை வரிசையாக எடுத்து வையுங்கள். முதல் வருடம் 2,00,000. அதற்கு வட்டி 24,000. அதைக் கையிலிருந்து கட்டாமல், கடனை 2,70,000 ஆக்கித் திருப்பி வைத்தால் மாமா கைக்குப் போவது 46,000. இரண்டாம் வருட வட்டி 32,400. கடன் 3,50,000 ஆனபோது மாமாவுக்கு 47,600. மூன்றாம் வருட வட்டி 42,000, இன்னும் கட்டவில்லை. நடுவில் வரும் 2,70,000 நீங்கள் எழுதாதது, அதை நான் ஊகித்திருக்கிறேன். ரசீதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விஷயம் மாறாது. மாமா கையில் வாங்கியது மொத்தம் 2,93,600. மே 20-ல் நகையை மீட்க வேண்டுமானால் 3,92,000. நடுவில் உள்ள 98,400 வட்டி. அந்தக் காசு கடைச் சரக்காகவும் ஆகவில்லை, உங்கள் படிப்பாகவும் ஆகவில்லை.

தங்கம் விலை ஏற ஏற, அதே நகைக்கு இன்னும் அதிகம் கொடுக்கிறார்கள். புதுக்கடனில் பழைய வட்டியும் அடைந்துவிடுவதால், கட்டிவிட்டோம் என்ற நிம்மதி வருகிறது. உண்மையில் நாம் எதையும் கட்டவில்லை. நகைக்கடனை இப்படி உருட்டிக்கொண்டே போவதை ரிசர்வ் வங்கியே 2024-ல் கண்டித்தது.

5 லட்சமாக வைத்தால் வருட வட்டி 60,000, மாதம் 5,000. இனி நீங்கள் மாதம் 18,000 சம்பாதிக்கப் போவதும் இல்லை. அடுத்த கெடு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் மே மாதத்தில் வரும். அன்று மாமாவால் முடியாவிட்டால் ஏல நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து.

மாமா மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த கை அது, அம்மா அதைச் சொல்லிக் கலங்குவார். ஆனால் சீர் திருப்பித் தர வேண்டிய கடன் கிடையாது. இந்த முறை கூடுதல் தொகை ஒரு ரூபாய்கூட வேண்டாம். 42,000 வட்டியை மாமா ரொக்கமாகக் கட்டட்டும். அசலை அத்தையின் நகையை வைத்தோ, கடையின் பெயரில் கடன் வாங்கியோ தன் பக்கம் மாற்றிக்கொள்ள மூன்று மாதம் கொடுங்கள். முடியாது என்றால், கடன் அடையும் அளவுக்குச் சில பவுனை விற்று மீதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மனசு வலிக்கும், தெரியும். பத்தும் வட்டியில் கரைவதைவிட ஐந்தாறு பவுன் மிஞ்சுவது மேல்.

இன்னொன்று, உங்கள் துறை சார்ந்தது. கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. முதல் 2 லட்சத்துக்கு அது மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் மாமாவிடம் தேதியிட்டு, தொகை எழுதி, கையெழுத்து வாங்குங்கள். கட்சிக்காரருக்கு இதைத்தானே முதலில் சொல்வீர்கள்?

சரி, படிப்புக்கு வருவோம். இழக்கும் வருமானம் 2.16 லட்சத்தையும் சேர்த்தால் இந்த ஒரு வருடத்தின் உண்மையான விலை சுமார் 5.7 லட்சம். ஆராய்ச்சியில் மனது இருக்கும் உங்களுக்கு அது தகும் என்றே நினைக்கிறேன். கல்விக் கடன் 2.5 லட்சம் வாங்குங்கள். 4 லட்சம் வரை பொதுத்துறை வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்பதில்லை. வட்டி 10% என்று வைத்துக்கொண்டால், படிக்கும் வருடத்தில் மாதம் சுமார் 2,100. அதை அப்போதைக்கப்போது கட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டு அவகாசமும் சேர்ந்து கடன் 3 லட்சம் ஆகி, ஐந்தாண்டுத் தவணை மாதம் 6,400-ல் நிற்கும். கட்டி வந்தால் 5,300 தான்.

மீதி 1 லட்சம் சேமிப்பிலிருந்து. கையில் நிற்பது 60,000. அதில் 25,000 கல்விக் கடனின் ஒரு வருட வட்டிக்கு, 35,000 அவசரத்துக்கு. மாமாவின் 5 லட்சத்துக்கு ஒரு வருட வட்டியும் 60,000 தான் என்பதைக் கவனியுங்கள்.

தோழியின் யோசனை வேண்டவே வேண்டாம். நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு 2018 என்ற ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய பணத்தை அங்கே வைக்கக் கூடாது. கடன் வாங்கிய பணத்தைப் பெருக்குகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அந்த 60,000 சாதாரண வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும்.

அடுத்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதி) கிடைத்து, பிஎச்.டி.யில் பதிவும் ஆனால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 உதவித்தொகை. அப்போது 5,300 பெரிதாகத் தெரியாது. ஆனால் கிடைத்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் இப்போது வாங்கும் 15,000 தான், திருச்சி போன்ற ஊர்களில் ஜூனியர்களுக்குக் குறைந்தது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்ன தொகை. திரும்பி வந்து அதிலேயே உட்கார நேர்ந்தாலும், வீட்டில் தங்கி 5,300 கட்ட முடியும். மாமாவின் 5,000-மும் சேர்ந்தால் முடியாது.

வங்கிக்குப் போகும் முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள நகைக்கடனும் அதில் தெரியும், மேலாளர் கேட்பார். மே 20-க்கு முன்பே மாமாவையும் கூட்டிக்கொண்டு அடகு வைத்த இடத்துக்குப் போய், மூன்று ரசீதையும் அவர் கையில் கொடுத்து, வட்டிக் கணக்கை அங்கேயே அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.