மயக்க ஊசி போட்டால் எச்சில் ஏன் வடிகிறது?

கேள்வி: எங்கள் பூனையைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட்ட சில நிமிடத்தில் எச்சில் நூல் நூலாக வடிந்து மார்பு முடியெல்லாம் நனைந்துவிட்டது. மூளையை மயக்குகிற மருந்துக்கு வாயில் என்ன வேலை?

பதில்: எச்சில் ஊறுவது வாயில்தான், ஆனால் உத்தரவு வருவது மூளைத்தண்டிலிருந்து. அங்கே கிளம்பும் நரம்புகள் சுரப்பியில் அசிட்டைல்கோலின் என்ற, சேதி சொல்லும் வேதிப்பொருளை விட்டால் எச்சில் ஊறும். பூனைகளுக்குப் போடும் கெட்டமின் என்ற மயக்க மருந்து இந்தச் சுரப்பைக் கூட்டிவிடும். அப்புறம், நாம் எல்லோருமே நாள் முழுக்க எச்சிலை விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம், கவனிப்பதில்லை. மயக்கத்தில் விழுங்குவது மந்தமாகிவிடும், ஊறியதெல்லாம் வெளியே வழியும்.

மாட்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அதற்குச் சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும். சைலசின் என்ற மயக்க ஊசி போட்டால் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், எச்சில் கயிறு மாதிரி தரைவரை இறங்கும். படுக்கவைத்து ஆபரேஷன் செய்தால் நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்க வாயைத் தாழ்வாக வைப்பார்கள்.

இதைத் தடுக்க அட்ரோபின் என்ற மருந்து உண்டு. அசிட்டைல்கோலின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், வாய் காய்ந்துபோகும். மாட்டுக்கு மட்டும் அவ்வளவாகச் சரிப்படாது. எச்சில் நிற்பதற்குப் பதிலாகப் பிசின் மாதிரி கெட்டியாகிவிடும், அது பெரிய தலைவலி.

மணியடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறிய கதையில் வருகிற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் (1904இல் நோபல் வாங்கியவர்) இதைவிட வேடிக்கையான ஒன்றையும் எழுதியிருக்கிறார். தினமும் மார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்ட நாய்களுக்குக் குமட்டலும் எச்சிலும் வாந்தியும் வந்து அப்புறம் தூக்கம் வரும். ஐந்தாறு நாள் கழிந்ததும் ஊசிக்கான ஏற்பாட்டைப் பார்த்தாலே போதும், மருந்து உடம்புக்குள் போகாமலே எச்சில் வடிய ஆரம்பித்துவிட்டதாம்!

உங்கள் பூனைக்கு டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது நடந்தது, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் கசப்பு மருந்து கொடுத்ததும் நுரை தள்ளினால் அதுவும் வெறும் கசப்பு பண்ணுகிற வேலையாக இருக்கலாம். ஆனால் எச்சிலோடு உடம்பு துடித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கேயும் டாக்டர் எடுப்பது பெரும்பாலும் அதே அட்ரோபின்தான்.