மறு: பதிவு செய்த விரிவுரையை மாணவர்கள் பார்ப்பதே இல்லை

50 நிமிட விரிவுரையைப் பதிவு செய்து மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றியும், பாதிப் பேர் பார்க்காமலே வகுப்புக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பருவம் முழுக்க இதே தவிப்பில் இருந்தவன் நான். முதலில் அந்தக் காணொளியைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பாடங்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு துண்டு போதும். அப்புறம் ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டே கேள்விகள். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விடுங்கள். நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும்போதுதான் படித்தது தங்குகிறது.

ஆனால் உண்மையான சிக்கல் வகுப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்க்காதவர்களுக்காக அதே பாடத்தை மறுபடி நடத்துகிறீர்கள், இல்லையா? அப்படியானால் பார்த்தவர்களும் அடுத்த வாரம் ஏன் பார்க்க வேண்டும்? தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களிலிருந்து செய்துவரும் முறையை முயன்று பாருங்கள். கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியைத் திரையில் போட்டு, கைபேசியில் தனித்தனியாக வாக்களிக்கச் சொல்லுங்கள். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு மீண்டும் வாக்கெடுங்கள். அந்தச் சில நிமிடங்களில் வகுப்பில் எழும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

காணொளிகளைத் தரவிறக்கும் வசதியோடு கொடுங்கள். எல்லோரிடமும் நல்ல இணைய இணைப்பு இருக்காது.