அடிமை முறையின் நினைவு தலைமுறை தாண்டி வருவதாகக் கதை எழுதுவது எப்படி?

கேள்வி: அமெரிக்க அடிமை முறையைப் பின்னணியாக வைத்து, கொள்ளுப்பாட்டியின் நினைவு ஒரு பெண்ணிடம் வந்து சேர்வதாகக் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கனவு, மரபணு என்று ஏதேதோ முயன்றும் நம்பும்படி வரவில்லை. எங்கே சரிசெய்வது?

பதில்:

முதலில் மரபணுவைக் கைவிடுங்கள். 2013இல் வெளியான ஓர் எலி ஆய்வைத்தான் எல்லோரும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சியும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கிய ஆண் எலிகளின் குட்டிகளும், அந்தக் குட்டிகளின் குட்டிகளும் அதே வாசனைக்குக் கூடுதலாக மிரண்டன. அவ்வளவுதான். கூண்டும் கம்பியும் குட்டிகளின் நினைவில் இல்லை. நடந்த ஒரு நிகழ்ச்சி மனிதரின் ரத்தத்தில் அப்படியே இறங்கி வந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வயிற்றிலிருக்கும் பெண்சிசுவுக்குள்ளேயே அதன் கருமுட்டைகளும் உருவாகிவிடுகின்றன. ஆகவே கர்ப்பிணி படும் பாடு அவளையும், மகளையும், பேத்தியாகப்போகும் முட்டையையும் நேரடியாகவே தொடுகிறது. மரபாக வந்தது என்று சொல்வதற்குக் கொள்ளுப்பேத்தி வரை பார்த்தாக வேண்டும். நாவலின் நடுவில் ஒரு டாக்டர் வந்து இதையெல்லாம் விளக்கினால் கதை அங்கேயே படுத்துவிடும்.

விளக்கம் இல்லாமலே வாசகர் நம்புவார். ஆனால் ஒரு விதி வேண்டும், அதைக் கடைசிவரை மீறக் கூடாது. ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நாவலில் 1976ஆம் ஆண்டின் கலிபோர்னியாவிலிருந்து டேனா என்ற கறுப்பினப் பெண் மேரிலாந்தின் பழைய பண்ணை ஒன்றுக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ரூஃபஸ் என்ற வெள்ளைக்காரனின் உயிருக்கு ஆபத்து வந்தால் அவள் அங்கே போவாள். தன் உயிருக்கே ஆபத்து என்று அவள் அஞ்சினால் திரும்புவாள். அந்த ரூஃபஸ்தான் அவளுடைய மூதாதை. அவனுக்கு ஹேகர் என்ற மகள் பிறக்கும்வரை அவனைக் காப்பாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் டேனாவே இல்லை. இந்த இரண்டே விதிகளில் முழு நாவலும் ஓடுகிறது. கடைசியில் டேனா ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள். நினைவைச் சுமப்பவர் அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதும் அந்த விதியில் அடக்கம்.

உங்கள் கதையில் நினைவு எந்த வழியாக வருகிறது? ஒரு வழியை மட்டும் தேர்ந்தெடுங்கள். பேச்சு, பொருள், பாட்டு, உடல், இடம், காரணம் மறந்துபோன ஒரு வீட்டு வழக்கம், எதுவானாலும் சரி. டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலில் அது இடம்: நடந்தது அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும், அங்கே போகிற எவர் மீதும் அது மோதும். ரிவர்ஸ் சாலமனின் ‘தி டீப்’ (2019) நாவலில், கப்பலிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் வழிவந்த நீர்வாழ் மக்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது. தங்கள் முழு வரலாற்றையும் ஒரே ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சடங்கில் மட்டும் எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவள் ஒருநாள் ஓடிப்போகிறாள்.

கட்டமைப்பைக் கற்றுக்கொள்ள நான் முதலில் கையில் கொடுப்பது கேல் ஜோன்ஸின் ‘கொரெஜிடோரா’ (1975). பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது. 1890இல் நிதியமைச்சர் ருயி பார்போசா அடிமை முறைப் பதிவேடுகளை எரிக்க உத்தரவிட்டார். இது வரலாறு. நாவல் இதிலிருந்து ஒரு குடும்பச் சட்டத்தை உருவாக்குகிறது: காகிதம் எரிந்துவிட்டதால் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிள்ளையாவது பெற்று, நடந்ததை அதன் காதில் போட்டாக வேண்டும்; பிள்ளைதான் சாட்சி. கொரெஜிடோரா என்ற பண்ணைக்காரனே பாட்டிக்கும் தகப்பன், அம்மாவுக்கும் தகப்பன். கென்டக்கியில் புளூஸ் பாடுகிற உர்சா இந்த வரிசையில் நான்காமவள். 1948இல் படிக்கட்டில் விழுந்த பிறகு அவளுடைய கருப்பையை எடுத்துவிடுகிறார்கள். நினைவு வந்துசேர்ந்த ஒரே வழி அடைபட்டுப்போகிறது. இனி அவள் என்ன செய்வாள்? முதல் சில பக்கங்களிலேயே நாவல் இங்கே வந்துவிடுகிறது. வழியைத் தேர்ந்தெடுத்த கையோடு அது எங்கே அடைபடும் என்றும் முடிவுசெய்துகொண்டால் உங்களுக்குக் கதை கிடைத்துவிடும்.

அடுத்து, இழப்பு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எது உதிர்ந்துபோகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மூன்று தலைமுறை தாண்டி வந்த நினைவு, ஆள் பெயர், உடை நிறம், முழு உரையாடல் என எல்லாவற்றோடும் கனவில் வந்து நிற்கும். நடைமுறையில் முதலில் போவது காரணமும் பொருளும்தான், வடிவம் வெகுகாலம் தாங்கும். இதற்கு ஒரு நல்ல உதாரணம், மொழியியலாளர் லொரென்சோ டோ டர்னர் 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியா கடற்கரையில் கல்லா (Gullah) என்ற கறுப்பினச் சமூகத்துப் பெண் ஒருவரிடம் பதிவுசெய்த சிறு பாட்டு. சொற்கள் ஆப்பிரிக்க மொழி. பாடியவர் குடும்பத்தில் யாருக்கும் அர்த்தம் தெரியாது, பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டும் பாட்டாகவே இருந்தது. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று பிறகு தெரிந்தது. 1990களில் ஆய்வாளர்கள் அங்கே ஒரு சிற்றூரில் ஏறக்குறைய அதே பாட்டைப் பாடும் பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரில் அது இறுதிச் சடங்குப் பாட்டு. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஒப்பாரி, மறுகரையில் குழந்தைப் பாட்டு! ஒலி தப்பித்தது, சாவு உதிர்ந்துவிட்டது. அந்தக் கடற்கரையில் இது நடந்ததற்குக் காரணமும் உண்டு. நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே சியரா லியோன் பக்கத்து மக்களை அங்கே நிறையக் கொண்டுவந்தார்கள். வெள்ளையர் குறைவாக இருந்த தீவுகளில் அவர்கள் மொழி ஓரளவு பிழைத்தது. மிசிசிப்பிப் பருத்திக்காட்டில் நடக்கும் கதைக்கு இதே பாட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஒட்டாது.

பொருள் வழியாக வருகிறது என்றால், ‘ஆஷ்லியின் பை’ என்று அழைக்கப்படும் துணிப்பையைப் பற்றி அவசியம் படியுங்கள். 2007இல் டென்னசி மாநிலப் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. தென் கரோலினாவில் ரோஸ் என்ற தாய், ஒன்பது வயதில் விற்கப்பட்ட மகள் ஆஷ்லிக்குக் கொடுத்த பை. உள்ளே ஒரு கிழிந்த கவுன், மூன்று கைப்பிடி பெக்கான் கொட்டை, தன் தலைமயிரில் ஒரு பின்னல். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. இதையெல்லாம் ஆஷ்லியின் பேத்தி ரூத் 1921இல் பையின் மீதே சில வரிகளில் நூலால் தைத்து வைத்தார். எது நின்றது, எது போயிற்று என்று பாருங்கள்: பெயரும் எண்ணிக்கையும் நின்றிருக்கின்றன, மூன்று கைப்பிடி என்பதுகூட. ரோஸின் முகமோ குரலோ விற்ற நாளோ இல்லை. உங்கள் பாத்திரத்துக்கும் அந்த அளவே கொடுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு தாளில் கொடிவழி வரைந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, யாரிடம் எந்த வயதில் கேட்டது, எதைச் சொல்லாமல் விட்டார் என்று எழுதுங்கள். 1850இல் பிறந்தவளுக்கு விடுதலை வரும்போது 15 வயது. அவள் 85 வயது வாழ்ந்தால் 1935இல் இறப்பாள். 1922இல் பிறந்த பேத்தி பத்துப் பன்னிரண்டு வயதில் அவள் மடியருகே உட்கார்ந்து கேட்டிருக்க முடியும். அந்தப் பேத்தி 2005 வரை இருந்தால், 1990இல் பிறந்த ஒரு கொள்ளுப்பேத்திக்குச் சொல்லியிருக்க முடியும். இரண்டே வாய் மாறி அடிமைப் பண்ணை இன்று முப்பத்தைந்து வயதுக்காரியிடம் வந்துவிடுகிறது. அப்படியிருக்க மாயமெல்லாம் எதற்கு? தாயைத் தாண்டிப் பாட்டி வழியாகக் கடத்துங்கள். வேலைக்கு ஓடுகிற தாயிடம் கேட்க நேரமும் இருக்காது, அவளுக்குச் சொல்ல மனமும் இருக்காது. உங்கள் கணக்கில் நான்கைந்து வாய் தேவைப்பட்டால், கடைசியில் வந்து சேர்வது ஒரு பெயரும் ஒரு தடையும் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘அந்த ஆற்றைத் தாண்டிப் போகாதே’ என்கிற மாதிரி, ஏன் என்று யாருக்கும் தெரியாத ஒன்று.

ஆப்பிரிக்க நினைவு விஷயத்திலும் இந்தக் கணக்கு உதவும். அட்லாண்டிக் கடத்தலில் ஏற்றப்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேரில் வட அமெரிக்க நிலப்பரப்பில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. இறக்குமதி 1808இல் சட்டப்படி நின்றது. 1860இல் அங்கே அடிமைகளாக இருந்த சுமார் 40 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களுடைய பெருந்துயரம் வேறு: விர்ஜினியா, மேரிலாந்து பக்கமிருந்து பருத்தி விளையும் தெற்குக்கு விற்கப்பட்டது. 1860இல் ஒருத்தி தன் ஆப்பிரிக்கக் கிராமத்தின் சந்தையை நேரில் கண்டதுபோல் வர்ணித்தால், அவள் 1808க்கு முன் வந்த மூதாட்டியாகவோ, அந்த ஆண்டு அலபாமாவின் மொபீலுக்குத் திருட்டுத்தனமாக வந்த ‘குளோட்டில்டா’ போன்ற கப்பலில் இறங்கியவளாகவோ இருந்தால்தான் பொருந்தும்.

ஆவணத்தை இரண்டு காரணங்களுக்காகப் பாருங்கள். தகவல் கிடைக்கும் என்பது ஒன்று. தகவல் எந்த இடத்தில் முறிகிறது என்பதே உங்கள் கதைக்கு முடிச்சாகும் என்பது மற்றொன்று. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். ஆள் பெயர் பொதுவாக இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். குடும்ப வரலாறு தேடுவோர் இதைச் சுவர் என்பார்கள். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் உடைமையாளரின் குடும்பத்தைத்தான் தேட வேண்டும்: அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் மாடு, கலப்பைக்கு நடுவே பெயரும் டாலர் மதிப்பும் இருக்கும். உங்கள் நாயகி தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி, விற்றவனின் வம்சத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிவரும். விடுதலைக்குப் பின் எல்லோரும் கடைசி எசமானின் குடும்பப்பெயரையே வைத்துக்கொள்ளவில்லை என்பதால் அங்கேயும் தடம் மாறலாம். தகப்பன் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று விர்ஜினியா 1662இல் சட்டம் போட்டது. எசமானுக்குப் பிறந்த பிள்ளையும் அடிமைதான் என்பதற்காகப் போட்ட சட்டம் அது.

சுவரைத் தாண்டும் சில சந்துகளும் உண்டு. விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளில் கணக்குத் தொடங்கியவரின் பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை ஒன்றில் 1879 முதல் ‘தொலைந்த நண்பர்கள்’ என்ற பகுதியே இருந்தது: என் தாயை இன்னார் இன்னாருக்கு விற்றார், எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா என்ற விளம்பரங்கள். போதகர்கள் அவற்றைத் தேவாலயத்தில் வாசித்தார்கள். இவற்றில் பத்துப் பதினைந்தை வரிசையாகப் படித்தாலே உங்கள் நடை இறுக்கமாகிவிடும், மிகையெல்லாம் கழன்றுவிடும்.

1936–38இல் அரசுத் திட்டத்தில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட வாய்மொழிச் சாட்சியங்களைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துங்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் விடுதலையின்போது சிறுவர்கள். கேட்டவர்களில் பலர் அதே ஊர் வெள்ளையர்கள். பெருமந்தம் எனப்பட்ட பொருளாதார வீழ்ச்சிக் காலம், அரசு உதவிப்பணம் வருமா என்ற எதிர்பார்ப்பு வேறு. ‘எங்க எசமான் நல்லவர்’ என்ற வரியை யாரிடம் சொன்னார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து நினைவு உருமாறும். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ (1976) மீதான முக்கிய விமர்சனமும் இதுவே: காம்பியாவில் அவர் கேட்ட குல வரலாற்றைச் சொன்னவருக்கு அவர் எதைத் தேடுகிறார் என்பது முன்பே தெரிந்திருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் காட்டினார்கள். இது உங்களுக்கு ஒரு நல்ல காட்சியாகலாம். பாட்டி அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வது ஒன்று, பேத்திக்குச் சொல்வது வேறொன்று, சாகும் முன் உளறுவது மூன்றாவது.

பல தலைமுறையையும் காட்டுவதா, ஒருத்தியிடம் நிற்பதா என்பதும் முக்கியம். யா ஜாசியின் ‘ஹோம்கோயிங்’ (2016) இரண்டு கிளை, ஏழு தலைமுறை, ஆளுக்கு ஒரு அத்தியாயமாகப் பதினான்கு. ஒரு சகோதரியின் கல் பதக்கம் கைமாறி வருகிறது. மற்றவளுடையது கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையின் நிலவறை மண்ணிலேயே தங்கிவிடுகிறது. அந்த ஏற்பாடு அருமை. ஆனால் ஒவ்வொருவரும் நமக்குப் பழகும் நேரத்தில் அத்தியாயம் முடிந்துவிடுகிறது, அடுத்தவருக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறுநாவலில் இதை முயலவே வேண்டாம். நிகழ்காலத்தில் ஒருத்தி, கடந்தகாலத்தில் ஒருத்தி, இடையே சொல்லாமல் செத்துப்போன ஒருத்தி, இந்த மூவர் போதும். அந்த நடுவாளுக்கே அதிக உழைப்புக் கொடுங்கள். அவள் ஏன் சொல்லவில்லை என்பதற்கு உங்களிடம் சரியான பதில் இருக்க வேண்டும். அவமானம், பயம், பிள்ளைகள் தலைநிமிர்ந்து வாழட்டும் என்ற எண்ணம், இவற்றில் எது என்று தெரியாமல் அவள் பேசும் ஒரு வரியைக்கூட எழுத முடியாது.

சவுக்கடிக் காட்சி எத்தனை வைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. நினைவாக வருவது அடி விழுந்த கணமாக இருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையிலும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, யாரோ பன்றிக்கொழுப்பு தடவிவிட்டார்கள் என்பது போன்றவைதான் பாட்டிகள் சொல்லும் தகவல்கள். சந்ததியார் எல்லோரையும் ஒரே காயத்தோடு படைப்பதும் தவறு. ஒரே பாட்டியின் பேத்திகளில் ஒருத்தி இதையே சுமந்து திரிவாள். இன்னொருத்திக்கு இந்தப் பேச்சே பிடிக்காது, பெக்கான் பணியாரம் செய்யும் பக்குவம் மட்டும் அவளிடம் பிசகாமல் இருக்கும்.